நீல முடிக்காரர்

பிரவுசரிலேயே திறக்கும் ஒரு அரட்டை உலகத்தில் என் உருவமாகக் கிடைத்த பொம்மையை நடக்க வைக்க எனக்குத் தெரியவில்லை. அது சுவரில் முட்டிக்கொண்டே நின்றது. எல்லாரும் சிரிப்புப் படம் போட்டார்கள். நீல முடி வைத்த ஒரு பெண் பொம்மை மட்டும் பக்கத்தில் வந்து, தானும் சுவரில் முட்டத் தொடங்கியது.

"உங்களுக்கும் நடக்க வரலையா?" என்று டைப் செய்து கேட்டேன்.

"எனக்கு நடக்க வருங்க. நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனில தைக்கிறேன். புதுசா ஒருத்தர் சேர்ந்தா, பக்கத்து மிஷின்ல நாங்களும் அன்னிக்கு மெதுவாதான் தைப்போம். அவங்க மட்டும் பேஜாராவக் கூடாதுல்ல?"

நான் நடக்கப் பழகும்வரை கூடவே முட்டினார். பிறகு சாப்பாட்டு நேரம் முடிந்ததென்று மறைந்துவிட்டார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அசட்டுத்தனம்தான், இப்போதும் ஆம்பூர் வழியாகப் போகும்போது, கம்பெனி விட்டு வரும் பெண்கள் கூட்டத்தில் என் கண் நீல முடியைத் தேடுகிறது.