ஒரே தாளில் ரெண்டு கையெழுத்து

நாகஜோதியின் புருஷன் சுருளிவேலை விரியன் கடித்தது ஐப்பசி மழையில், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, திராட்சைப் பந்தலுக்கு அடியில். போன் போட்ட இருபதாவது நிமிஷம் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆனால் அது நின்றது ஓடைக்கு அந்தக் கரையில். தரைப்பாலத்துக்கு மேலே இடுப்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் கையை விரித்தார். பதினாறு கிலோமீட்டர் சுற்றி வண்டி ஊருக்குள் வந்து சேர்ந்தபோது சுருளிவேலுக்கு நாக்கு தடித்துப் பேச்சு நின்றுவிட்டது. கம்பம் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிரும் இல்லை.

கருமாதி முடிந்ததும் நாகஜோதி தன் தையல் கடையைத் திறந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் அழவில்லை. பாலம் ஏன் வரவில்லை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். அந்த இடத்துக்குப் பாலம் கேட்ட மனு ரெண்டு தடவை டெல்லி வரைக்கும் போய்த் திரும்பிய கதை ஊருக்கே தெரியும். யார் திருப்பினது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. உரக்கடை விஜய்பாண்டியைக் கேட்டால் சூரியபிரகாஷைக் கை காட்டுவார். தேங்காய் வியாபாரி சூரியபிரகாஷைக் கேட்டால் விஜய்பாண்டியை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு கட்சிக்கு ஊர்ச் செயலாளர். தொகுதி எம்.எல்.ஏ. விஜய்பாண்டியின் கட்சி. எம்.பி. சூரியபிரகாஷின் கட்சி. ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போய்ப் பத்து வருஷம் இருக்கும்.

நாகஜோதி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிப் போட்டாள். நாற்பது நாள் கழித்து எட்டுப் பக்கம் பதில் வந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு நின்றபடியே படித்தாள்.

முதல் தடவை எம்.பி. மூலமாக மத்திய நிதி கேட்டபோது, பாலம் வேண்டாம் என்று ஆட்சேபக் கடிதம் எழுதியது விஜய்பாண்டி. ரெண்டு வருஷம் கழித்து எம்.எல்.ஏ. அதையே கேட்டபோது எழுதியது சூரியபிரகாஷ். எதிராளி பேர் எடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ரெண்டு கடிதத்திலும் காரணம் ஒன்று: மழைக்காலத்தில் மட்டுமே தண்ணீர் வருகிற ஓடைக்குப் பாலம் அவசியமில்லை.

அன்றைக்கு அவளுக்கு அரிவாள் ஞாபகம் வந்தது நிஜம். வெட்டினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அவர்களுக்கு அது போதாது என்று தோன்றியது.

சுதந்திர தினத்துக் கிராம சபையில், பள்ளிக்கூடத்து மரத்தடியில், நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். நாகஜோதி எழுந்து முதல் கடிதத்தைப் பேர் சொல்லாமல் வாசித்தாள்.

“இது யாரு எழுதுனதுன்னு நெனைக்கிறீக, சூரியபிரகாஷண்ணே?”

“வேற யாரு, அங்கன ஒக்காந்திருக்காரே அவருதேன்.”

ரெண்டாவது கடிதத்தை வாசித்தாள். “இது, விஜய்பாண்டியண்ணே?”

“அவுக கட்சிக்காரவுகதேன் எழுதியிருப்பாக.”

“ரெண்டு பேரும் சரியாச் சொன்னீக” என்றவள், கீழே இருந்த கையெழுத்துகளை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். ரெண்டு பேரின் பெண்டாட்டிகளும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு தயாராக வைத்திருந்த தாளை மேஜையில் போட்டாள். “எம்.பி. கடுதாசியும் எம்.எல்.ஏ. கடுதாசியும் சேந்து போனாத்தேன் இனி நகரும்னு எஞ்சினியர் சொல்லிட்டாக. ஊரு மனு இது. ஒரே தாளு. மேல கீழ வேணாம், பக்கத்துல பக்கத்துல போடுங்க.”

போட்டார்கள். வேறு வழியில்லை.

அதோடு அவள் விடவில்லை. எம்.எல்.ஏ. அலுவலகம், எம்.பி. அலுவலகம், தேனி கலெக்டர் ஆபீஸ், நெடுஞ்சாலைத் துறை என்று போகிற இடத்துக்கெல்லாம் ரெண்டு பேரையும் டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனாள். வராமல் இருந்தால் அந்த எட்டுப் பக்கமும் தொகுதியில் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் என்று சொல்லியிருந்தாள். எந்த மேஜைக்கு முன்னாலும் நடந்ததை அவள் தன் வாயால் சொல்ல மாட்டாள்.

“எம் புருஷன் எப்படிச் செத்தாருன்னு நீங்க சொல்லுங்கண்ணே.”

ஒரு இடத்தில் விஜய்பாண்டி, அடுத்த இடத்தில் சூரியபிரகாஷ். விரியன் கடித்தது, வண்டி அக்கரையில் நின்றது, நாக்கு தடித்தது, எல்லாம். எதையாவது விட்டுவிட்டால், “வாயில நுரை வந்தத விட்டுட்டீக” என்று எடுத்துக் கொடுப்பாள். அவர்கள் முகம் கறுப்பதை அந்த நேரங்களில் அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். ஒரு வருஷத்தில் பதினொரு தடவை சொல்ல வைத்தாள். எம்.எல்.ஏ.வுக்கு முன்னால் சூரியபிரகாஷ் பாதியில் நிறுத்தித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மீதியைச் சொன்னது, கேட்காமலேயே, விஜய்பாண்டி.

அன்றிலிருந்துதான் அவள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் ரெண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். முதலில் உர விலை. பிறகு தேங்காய் விலை. ஏழெட்டு மாதத்தில் ஒருத்தருக்கு ஒருத்தர் டீ வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு வந்தது. சூரியபிரகாஷ் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது விஜய்பாண்டி. ஊரே மெச்சியது. நாகஜோதிக்கு வயிறு எரிந்தது. செக்கில் பூட்டத்தான் அவர்களைச் சேர்த்தாள். அவர்கள் கூட்டாளியாகிவிட்டார்கள்.

போன தை மாதம் மத்திய நிதியில் பாலத்துக்கு உத்தரவு வந்தது. எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் ஒரே மேடையில் நின்று ஒருத்தரை ஒருத்தர் பாராட்டினார்கள். நாகஜோதியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், தூணுக்குக் குழி தோண்டக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்ததும் விஜய்பாண்டி வந்தார். சூரியபிரகாஷ் ரெண்டு அடி தள்ளி நின்றார்.

“பாலம் வந்திருச்சு ஆத்தா. எங்க மேல இன்னும் வருத்தமா?”

“ஆமாண்ணே.”

“நாங்க என்னதேன் செய்யணும்?”

அவள் யோசித்துப் பார்த்தாள். அவர்கள் செய்யக்கூடியது எதுவும் அவளுக்குத் தட்டுப்படவில்லை.

“ஒண்ணுமில்ல. எனக்கு ஆறல, அவ்வளவுதேன்” என்றாள். “பாலத்துக்கு நிலம் குடுக்கிறவுகள்ல ரெண்டு பேரு இன்னும் கையெழுத்துப் போடாம இருக்காக. திங்கக்கிழம ஒம்பது மணி பஸ்ஸுக்கு வந்துருங்க, ரெண்டு பேரும்.”