வீடு திரும்ப எந்தப் பானை?

போன வருஷம் சித்திரை வெயிலில், கச்சிராயபாளையம் வாரச் சந்தையில் நடந்தது இது. எல்லையில் சண்டை மூண்டு, டி.வி.யில் விடிந்தால் பொழுது போனால் அதையே காட்டிக்கொண்டிருந்த நாட்கள்.

என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்னால் போன் பண்ணி, "வேற எடத்துக்குப் போறோம்பா. அங்க சிக்னல் இருக்காது. அம்மாகிட்ட பக்குவமா சொல்லுங்க" என்றான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. என் மனைவி போனை இடுப்பில் செருகிக்கொண்டே சமைத்தாள், தலைமாட்டில் வைத்துக்கொண்டே படுத்தாள். நானோ வீட்டிலேயே அதிகம் பேசாதவன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோய், குட்டியானை என்று சொல்வார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். நாலு பேர் முன்னால் பேச வேண்டியதில்லை என்பதே இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த விஷயம்.

அந்தச் சமயத்தில் கள்ளக்குறிச்சியில் இருந்து ரிட்டயரான டீச்சர் ஒருவர் வாடகைக்குக் கூப்பிட்டார். சந்தைக்கு ஐந்து மண்பானைகளும் ஒரு மூட்டை புளியங்கொட்டையும் கொண்டுபோக வேண்டுமாம். எனக்குப் போக மனமில்லை. மனைவிதான், "வூட்லயே உக்காந்துக்கினு டி.வி.ய பாத்தா ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சிடும். போயிட்டு வாங்க" என்று அனுப்பினாள்.

வழியில் டீச்சர் விவரம் சொன்னார். அவரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து சண்டை வேண்டாம் என்று ஒரு குழு நடத்துகிறார்கள். ஒவ்வொரு பானையிலும் சுண்ணாம்பால் ஒரு படம் வரைந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கட்டில், பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டு, தண்ணீருக்குக் குழாய், மலை ரோட்டுக்கு ஒரு வளைந்த கோடு, ராணுவத்துக்குத் துப்பாக்கி. வருகிறவர்களுக்கு ஒரு கை புளியங்கொட்டை தருவார்கள். அதுதான் அரசாங்கத்திடம் இருக்கும் நம் வரிப்பணம். எதற்கு எவ்வளவு என்று அவரவரே முடிவு பண்ணிப் போட வேண்டும். சந்தை முடிந்ததும் எந்தப் பானையில் எவ்வளவு சேர்ந்தது என்று எம்.பி.க்கு எழுதிப் போடுவார்களாம். கேட்டுக்கொண்டே ஓட்டினேன். மகனைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் பேச வேண்டிவரும்.

சந்தையில் புளியும் சாமையும் விற்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் பானைகளை வரிசையாக இறக்கி வைத்துவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் கலகலப்பாகத்தான் இருந்தது. கரும்பு வெட்டிவிட்டு வந்த ஒருவர், "நான் எங்கம்மா வரி கட்றேன்? எனக்கு எதுக்கு கொட்ட?" என்றார்.

"தீப்பெட்டி வாங்கறீங்களா?" என்றார் டீச்சர்.

"வாங்கறேன்."

"அதோட வெலையிலயே வரி இருக்கு. அப்ப நீங்களும் கட்றீங்க. கைய நீட்டுங்க."

அவர் எல்லாவற்றையும் ரோட்டுப் பானையில் போட்டார். கூட வந்தவர், "போட்டுட்டியா? இனிமே அது காண்ட்ராக்டர் வூட்டுக்குத்தான் போவும்" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். மலைப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கொட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டில் பானையில் போட்டார்கள்.

எதிரே உரக்கடை வைத்திருப்பவர் வந்த பிறகு பேச்சு மாறியது.

"ஏம்மா, அங்க குண்டு விழுந்துக்கினு கீது. நீங்க இங்க கொட்ட வெளயாடிக்கினு கீறீங்களா?"

"துப்பாக்கியே வேணாம்னு சொல்லலைங்க. இருக்கறது ஒரு கை கொட்டதான். அதுல எத கம்மி பண்ணலாம், எத ஜாஸ்தி பண்ணலாம்னு கேக்கறோம். சண்டைய பேசித் தீத்துக்கலாம்னு சொல்றோம்."

"நல்லா ரோடு போட்டு வைங்க. எதிரி வந்தா அதுலயே ஓடலாம்."

சிலர் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு முன்பு மாதிரி இல்லை. கூட்டம் நெருக்கி நின்றது. "மொதல்ல இதெல்லாம் எடுத்துக்கினு கெளம்புங்க" என்று அவர் துப்பாக்கிப் பானையின் கழுத்தைப் பிடித்தார். டீச்சர் நகரவில்லை.

அப்போதுதான் டீக்கடையில் நின்ற சுமைதூக்கும் ஆள் ஒருவர், என்னைத் தெரிந்தவர், வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். "ஏன் சண்ட? இவரு புள்ள அங்கதான் மிலிட்டரில கீறான். இவரயே கேளுங்க."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று சாவியில் கை வைத்தேன். ஆனால் வண்டிக்கு முன்னாலும் ஆட்கள் நின்றார்கள். இறங்கினேன்.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "சொல்லவே இல்லியேங்க" என்று மெதுவாகச் சொல்லி, என் கையில் கொட்டையைக் கொடுத்தார். வேர்வையில் அது உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. துப்பாக்கிப் பானை முன்னால் நின்றேன். தன் மகன் கையில் நல்ல துப்பாக்கி இருக்க வேண்டும் என்றுதான் எந்த அப்பனும் நினைப்பான். நானும் நினைத்தேன். பக்கத்துப் பானையில் கட்டில் படம் இருந்தது. அவன் அடிபட்டுக் கட்டிலில் கிடப்பது போலத் தோன்றிவிட்டது. எதிலும் போட முடியவில்லை. ஒவ்வொரு பானையாகப் பார்த்துக்கொண்டே வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டேன்.

"எம்புள்ள வூட்டுக்குத் திரும்பி வரதுக்கு எந்தப் பானைங்க?" என்று கேட்டேன்.

பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. "இன்னா சொன்னாரு?" என்றார்கள். இன்னொரு முறை கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

உரக்கடைக்காரர் பானையிலிருந்து கையை எடுத்தார். டீச்சர், "அதுக்குத்தாங்க இத்தனையும். ஆனா அதுக்குன்னு ஒரு பானை வைக்கத் தோணல" என்றார்.

பக்கத்தில் சாமை விற்றுக்கொண்டிருந்த மலைப் பெண் எழுந்து வந்தார். அவர் கையில் சாமை அளக்கிற இரும்புப் படி இருந்தது. எங்கள் பக்கத்தில் வெறும் படியைத் தரையில் வைக்க மாட்டார்கள். வைத்தால் வீட்டில் நிறைவு நிற்காது என்பார்கள். அந்தப் பெண் ஒரு பிடி சாமையைப் படியில் போட்டு, அதை வரிசையின் கடைசியில் வைத்தார்.

"இதுல போடுங்கண்ணா."

கையில் ஒட்டியிருந்த கொட்டையெல்லாம் உதிரும்வரை உதறிப் போட்டேன். பிறகு அங்கே நிற்க முடியாமல் வண்டிக்குப் பின்னால் போய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். திரும்பி வந்தபோது படியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். உரக்கடைக்காரர் டீச்சரிடம் கையை நீட்டிக் கொட்டை வாங்கினார். "மத்தது எதுலயும் போட மாட்டேன். இதுல மட்டும் போடறேன்" என்றார். போட்டுவிட்டு என் தோளைத் தொட்டார்.

படி இல்லாததால் அந்தப் பெண் மிச்சச் சாமையைக் கையால் அள்ளிப் போட்டு விற்றார். "கைல அளந்தா கம்மியா வருமே" என்று ஒருவர் இழுத்தார். "உனக்கு இன்னொரு கை ஜாஸ்தியா போடறேன், வாய மூடிக்கினு வாங்கிக்கினு போ" என்றார் அவர். டீச்சரும் சிரித்துவிட்டார்.

சந்தை கலையும்போது கட்டில் பானைதான் அதிகம் நிறைந்திருந்தது. துப்பாக்கிப் பானையும் காலியாக இல்லை. படி நிரம்பிக் கொட்டைகள் தரையில் சிதறியிருந்தன. டீச்சர் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதி அனுப்பினார். பதில் வந்ததாகத் தெரியவில்லை. மலைப் பெண்ணுக்குப் படி வேண்டுமே என்று அதிலிருந்ததை என் துண்டில் கொட்டி முடிந்து கொடுத்தார்கள். வீட்டில் அதை வாங்கிய என் மனைவி எதுவும் கேட்காமல் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

சில நாளில் சண்டை நின்றது. ஒரு காலையில் போன் அடித்தது. "சாப்டீங்களாப்பா?" என்றான். நான் ம் என்று மட்டும் சொல்லி மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

மகன் லீவில் வந்தபோது என் மனைவி அந்தக் கொட்டையை வறுத்து அவனுக்குக் கொடுத்தாள். "இன்னாம்மா, சாமையும் கலந்து கீது, இத போய் பத்திரமா வச்சிருந்தியா?" என்று கடித்துக்கொண்டே கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.

இப்போதும் மாதத்தில் ஒரு சந்தைக்கு டீச்சர் குழுவோடு போகிறேன். டீசல் காசு மட்டும் வாங்கிக்கொள்கிறேன். ஐந்து பானைகளையும் இறக்கிய பிறகு, ஒரு படியில் ஒரு பிடி சாமை போட்டுக் கடைசியில் வைப்பது என் வேலை. அதை வைக்கும்போதெல்லாம், எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு சந்தையில், என்னைப் போலவே பேசத் தெரியாத ஒரு அப்பா, தன் பிள்ளை திரும்பி வர எதில் போடுவது என்று தெரியாமல் கையை மூடிக்கொண்டு நிற்பார் என்றும், இந்தப் படி அவருக்கும் சேர்த்துத்தான் என்றும் எனக்குத் தோன்றும்.