ஒரு கொம்பு நீலம்

மண்ணெண்ணெய் கலந்த பெயின்ட் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு அது மாட்டுப் பொங்கல்தான். பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில் இரண்டு உழவு மாடுகள் இருந்தன. அவற்றின் கொம்புகளுக்கு நீலமும், நுனிக்கு வெள்ளையும் பூசுவதற்காக அப்பா ஆண்டுதோறும் நிறத்துக்கொரு சின்ன டப்பா வாங்கிவந்து பரண் மேல் வைப்பார்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஆண்டு, என் அக்கா மங்கை அந்த டப்பாக்களைப் பொங்கலுக்கு முன்பே திறந்துவிட்டாள். தென்னை மட்டையின் நுனியைத் தட்டி நாராக்கித் தூரிகை செய்துகொண்டு, கழற்றிப் போட்டிருந்த பழைய கதவுப் பலகையில், பனி மூடிய விடிகாலை ஏரியையும் அப்பா மாடுகளை ஓட்டிப்போவதையும் வரைந்தாள்.

மாட்டுப் பொங்கலன்று மூன்று கொம்புகளோடு நீலம் தீர்ந்தது. "இன்னாபா, உன் மாட்டுக்கு ஒரு கொம்புக்குத்தான் பொங்கலா?" என்று தெருவே சிரித்தது. அப்பா மாடுகளை விறுவிறுவென்று வீட்டுக்குத் திருப்பியதுதான் எங்களுக்குப் பயம். "பலகைய அடுப்புல வெச்சிடுவாருடா" என்று அக்கா அழ, இருவரும் அதை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்தோம்.

அப்பா தேடி இழுத்துவந்து வெயிலில் சாத்தினார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏரியில பனி தண்ணி மேல குந்தும்டி. நீ இன்னா, புளியமரத்து மேல ஏத்தி வெச்சிருக்க?"

அவ்வளவுதான். மிச்சமிருந்த வெள்ளையை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த பொங்கலுக்கு நீலம் இரண்டு டப்பா வந்ததாம். அதற்குள் நான் கரும்பு வெட்டு, லாரி, ஓட்டல் என்று ஊர் ஊராகப் போயிருந்தேன். பட்டினி கிடந்த ஊர்களும் உண்டு, சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

இப்போது அப்பா இல்லை, மாடுகள் இல்லை, பலகையைக் கரையான் தின்றுவிட்டது. பொங்கலுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு தெருவில் போவது டிராக்டர்கள். திருபுவனையில் கம்பெனி வேலைக்குப் போகும் அக்கா, லீவு நாட்களில் அதே விடியலைப் பெரிய கேன்வாஸில் ஆயில் பெயின்ட்டால் வரைகிறாள். முந்தாநாள் ஊருக்கு வந்தபோது பார்த்தேன். கரையோரம் ஒரு இடம் மட்டும் வெறுந்துணியாக இருந்தது.

"அங்க யாரு?"

"நீதான். போட்டோ பாத்து வரையலாம்னா, ஒண்ணுலயாவது நின்னிருக்கியா? உன் மூஞ்சில இன்னும் அந்தப் பையன் கொஞ்சம் இருக்கான். குந்துடா."

இன்றோடு மூன்று நாள். ஒரு காதுதான் முடிந்திருக்கிறது. சீக்கிரம் முடி என்று நான் சொல்லவில்லை.