துடைத்து வைத்த மூக்குகள்

என் மனைவி இருபது வருடமாகச் சளியைத் துரத்துகிறாள். கைக்குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைக்கும் ஒரு வைரஸுக்கு எதிராக, வேலூர் ஆய்வகத்தில் அவளும் கூட வேலை செய்பவர்களும் ஓர் ஆன்டிபாடி உருவாக்கியிருந்தார்கள். அது நம் ஊர் வைரஸை மடக்குமா என்று பார்க்க, நம் ஊர் வைரஸ் உயிரோடு வேண்டும். சளி சீசன் முடியப் பத்து நாள் இருந்தது. தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு ஐஸ் பெட்டி தூக்கும் பதவி கிடைத்தது. ஆம்பூரில் தோல் தொழிற்சாலை ஆட்கள் குடியிருக்கும் தெருக்களில், முன்பே கையெழுத்துப் போட்டுச் சம்மதித்த வீடுகளுக்குப் போனோம். குழந்தையின் மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றி, குப்பியில் போட்டு ஐஸில் வைப்பாள். ஆய்வகத்தில் ஒரு குப்பியிலும் வைரஸ் வளரவில்லை. பெட்டியை வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேனா என்று இரண்டு நாள் என்னை விசாரித்தாள்.

மூன்றாம் நாள் கவனித்தேன். எல்லா வீட்டிலும் குழந்தைக்குப் புதுச் சட்டை, கண்ணில் சுர்மா மை, கன்னத்தில் பவுடர். மூக்கு, விளக்கிய பித்தளைச் சொம்பு மாதிரி. முந்தின நாளே ஆய்வகத்துச் செவிலியர் வீடு வீடாகப் போன் போட்டு, "டாக்டரம்மா வர்றாங்க" என்று சொல்லிவிடுகிறார். நிருபர் வருகிறார் என்று தெரிந்தால் எந்த ஊரும் தலைவாரிக்கொள்ளும். மனைவியிடம் சொன்னேன். அடுத்த வீட்டில் கேட்டேவிட்டாள்.

"மூக்கைத் துடைச்சீங்களாம்மா?"

"துடைக்காம? வெந்நீர்ல தொடச்சு, எண்ணெய் விட்டு வெச்சிருக்கேன். மூக்கொழுக நிறுத்துனா இன்னா நெனப்பீங்க?"

"எனக்கு அந்த ஒழுகுறதுதாம்மா வேணும்."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "ஏன் சார், வீட்லயும் இப்டித்தானா?"

"வீட்ல இன்னும் ஜாஸ்திம்மா."

மறுநாள் யாருக்கும் போன் போகவில்லை. முதல் வீட்டிலேயே, தாயின் இடுப்பில் இருந்த குழந்தைக்கு மூக்கின் இரண்டு துளையும் ஒழுகிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் தாயின் கை துப்பட்டாவுக்குப் போனது. "துடைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு என் மனைவி செருப்போடு உள்ளே பாய்ந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் அவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. குச்சி முந்தியது.

அந்தக் குப்பியில் வைரஸ் வளர்ந்தது. சில வாரம் கழித்து ஆய்வகத்திலிருந்து போன் செய்தாள். "மடக்கிடுச்சுங்க" என்றாள். பதில் சொல்வதற்குள் எனக்குத் தும்மல் வந்தது.

"சளியா?"

இருபது வருடத்தில் முதல் அக்கறை என்று நினைத்து, "ஆமா" என்றேன்.

"துடைச்சிடாதீங்க. இதோ வர்றேன்."