பச்சைப் புடவைத் தூளி

கத்தரிக்காய் வாங்கினால்கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள் என் அக்கா ஷோபனா. பெற்ற பிள்ளையைப் பகலெல்லாம் விட்டுவைக்க ஓர் இடம் தேடுவதென்றால் கேட்கவா வேண்டும்? செஞ்சியின் சந்துபொந்தெல்லாம் என்னை ஸ்கூட்டர் ஓட்ட வைத்து உயிரை வாங்கிவிட்டாள்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் லேப் டெக்னீசியன். காலையில் பஸ் பிடித்தால் இருட்டித்தான் வீடு திரும்புவாள். தமிழினிக்கு ஆறு மாதம் முடிந்தது, அக்காவின் லீவும் முடிந்தது. முதலில் பார்த்த காப்பகத்தில் சுவரெல்லாம் பொம்மைப் படம். அக்கா பாயை எடுத்து முகர்ந்து பார்த்தாள், வா போகலாம் என்றாள். அடுத்த இடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் டிவி முன்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. எனக்கு நல்ல இடமாகத்தான் பட்டது. "இந்த வயசுல புள்ளைங்க சத்தம் போடாம இருந்தா பயமா இருக்குதுடா" என்றாள்.

கடைசியில் மீனம்பாள் வீடு. முன்பு பால்வாடியில் வேலை பார்த்தவர், இப்போது வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் போய் நின்றோம். ஒன்று அழுதுகொண்டிருந்தது, ஒன்று அவர் இடுப்பில், மற்றவை தூளிகளில். ஒவ்வொரு தூளியும் ஒவ்வொரு நிறம். அந்தந்தப் பிள்ளையின் அம்மா கட்டிப் பழசான புடவையாம். அம்மா வாசனை இருந்தால்தான் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும், வேறு புடவையில் நான் போடுவதில்லை என்றார். அக்காவுக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது. இரண்டு நாள் கட்டி, துவைக்காமல், தன் பச்சை நூல் புடவையை மடித்துக் கொடுத்தனுப்பினாள்.

பிள்ளையைக் கொண்டுவிடுவதும் கூட்டி வருவதும் அவள் புருஷன், என் மாமா இளவரசன் பொறுப்பு. அவர் உள்ளூர் ரைஸ்மில்லில் வேலை செய்கிறார். தினமும் சாயங்காலம் ஏதாவது சேதி வைத்திருப்பார். கஞ்சியை முழுசாகக் குடித்தாளாம், மீனம்பாள் சொன்னார். பக்கத்துப் பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தாளாம், மீனம்பாள் சொன்னார். இன்று முதல்முறையாகத் தவழ்ந்தாளாம். பஸ் களைப்பை மறந்து அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள். தவழ்ந்த சேதியை மறுநாள் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வரைக்கும் சொல்லியிருக்கிறாள். நம்புகிற இடத்தில் யார் போய் எட்டிப் பார்க்கிறார்கள்?

பதினோராம் மாதம் மேல்மலையனூரில் காதுகுத்து. மாமாவின் அக்கா ஜெயஸ்ரீயும் வந்திருந்தார். வளைகாப்பில் நாத்தனார் தான் இருக்க வேறொருத்தியை முதல் வளையல் போட வைத்தார்கள் என்று அவருக்குக் கோபம். அன்றிலிருந்து அவருக்கும் என் அக்காவுக்கும் பேச்சு கிடையாது. அத்தை இல்லாமல் விசேஷமா என்று மாமா கேட்டதால் அக்கா சரியென்றாள்.

தாய்மாமன் நான். என் மடியில் வைத்துத்தான் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். பிள்ளை வீறிட்டது. அக்கா ஓடிவந்து கையை நீட்டினாள். தமிழினி அவளைத் தாண்டி ஜெயஸ்ரீயிடம் தாவினாள். புதுமுகத்தைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்குகிற பிள்ளை அது. ஜெயஸ்ரீ அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே போய், வேப்பமரக் கிளையில் கட்டி வைத்திருந்த தூளியில் படுக்க வைத்தார். அந்தப் பச்சைப் புடவை.

அக்கா கிட்டே போய்ப் புடவையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். இது எப்படி உங்களிடம் வந்தது என்று கேட்டாள்.

ஜெயஸ்ரீக்கு ஒன்றும் புரியவில்லை. "நீதான குடுத்தனுப்பின? பேச மனசு வரலன்னாலும் கட்டின புடவைய குடுத்தாளேன்னு நான் அழுதுட்டேன் ஷோபனா. இதப் பத்திக் கேட்டா நீ சங்கடப்படுவன்னு தம்பி சொல்லிச்சு. அதான் நானும் வாயத் தெறக்கல."

மீனம்பாள் வீட்டில் பிள்ளையை விட்டது மூன்றே நாள்தானாம். வாசலில் அழுததாம், தாங்க முடியவில்லையாம், வண்டியை ஜெயஸ்ரீ வீட்டுக்குத் திருப்பிவிட்டாராம். ஷோபனா வேலையை விட்டுவிட்டாள் என்று மீனம்பாளிடமும் சொல்லிவிட்டாராம். மாமா மென்று விழுங்கி இவ்வளவையும் சொன்னார். ஆளுக்கொரு கதை. பிள்ளை அழுகைக்கு மனசு இளகியதைக்கூட நான் மன்னிப்பேன். ஐந்து மாதம் மீனம்பாள் சொன்னார், மீனம்பாள் சொன்னார் என்று அளந்தாரே, அதற்காக அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

"பாப்பா நல்லாத்தான இருக்குது, இப்ப இன்னா கொறஞ்சி போச்சி?" என்றார்.

அக்கா கத்தவில்லை. "தவழ்ந்தான்னு சொன்னீங்களே, அதுவாவது நெசமா?"

தூளியை ஆட்டியபடி ஜெயஸ்ரீதான் சொன்னார், "நெசந்தான் ஷோபனா. எங்க வூட்டுக் கூடத்துல."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பந்தி ஆரம்பித்துக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

தமிழினி இப்போதும் ஜெயஸ்ரீ வீட்டுக்குத்தான் போகிறாள். பழகிப்போன பிள்ளையை அங்கிருந்து பிடுங்க அக்காவுக்கு மனசு வரவில்லை. அலைந்து திரிந்து தேர்ந்தெடுத்தவள் அவள், பிள்ளை வளர்வதோ அவள் தேர்ந்தெடுக்காத வீட்டில். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நேற்று சாயங்காலம் நானும் அக்கா வீட்டில் இருந்தேன். பாப்பா தானாக மூன்றடி நடந்தாள் என்று மாமா சந்தோஷமாகச் சொன்னார். அக்கா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. செல்லை எடுத்து, அவர் எதிரிலேயே ஜெயஸ்ரீயைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, பாப்பா இன்னிக்கி நடந்தாளா?"