கூற்று ஒன்று போதுமா

இராமேஸ்வரத்தில் என் கணவர் வீட்டார் நடத்தும் சின்ன லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துதான் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படித்தேன். கடலாடியிலிருந்து கல்யாணமாகி வந்தது முதல் பகலெல்லாம் அந்த நாற்காலிதான். சாவி கேட்பார்கள், வெந்நீர் கேட்பார்கள். எழுந்து போக முடியாது.

இயற்கணிதத்தில் 'தரவு போதுமா' என்ற வகைக் கேள்விகள் என்னைப் பாடாய்ப் படுத்தின. அதில் விடையைக் கேட்க மாட்டார்கள்; கொடுத்த கூற்றுகளை வைத்து விடை காண முடியுமா என்று மட்டும் கேட்பார்கள். x-இன் மதிப்பு என்ன? x-இன் வர்க்கம் 5x-க்குச் சமம் என்பது முதல் கூற்று. x பூஜ்யம் இல்லை என்பது இரண்டாவது. நான் இருபுறமும் x-ஆல் வகுத்து, ஐந்து என்று கண்டு, முதல் கூற்றே போதும் என்று குறித்துவிடுவேன். அந்தக் கூற்றின்படி x பூஜ்யமாகவும் இருக்கலாம் என்பது விடைப் பக்கத்தைப் பார்க்கும்போதுதான் உறைக்கும். அடுத்த கணக்கிலும் அதே தவறு.

தேர்வு ஆடி அமாவாசையன்று வந்தது. மதுரையில், மதியம். முந்தின நாளே அறைகளெல்லாம் நிரம்பிவிட்டன. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. மேசையை யார் பார்ப்பது என்று மாமியார் கேட்டார்; கணவர் பக்தர்களை ஏற்றிவர வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடலாடியில் என்னைப் பெற்ற அய்யாவுக்குப் போன் செய்து, போக முடியாது போலிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

தேர்வன்று காலை முதல் பஸ்ஸில் அய்யா வந்து இறங்கினார். கொல்லைக்காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்தவர், காப்பிகூடக் குடிக்காமல் மேசையருகே வந்து நின்றார்.

"நீ கெளம்பு ஆத்தா. சாவி குடுக்குறதுதான, நான் இங்கன இருக்கேன்."

என் பஸ் அக்காள்மடம் தாண்டி, பாம்பன் பாலத்தில் நெரிசலில் நின்றுபோனது. முன்னும் பின்னும் கார்கள், இரண்டு பக்கமும் கடல். மடியில் புத்தகத்தை விரித்தேன். ஒரு வரியும் ஏறவில்லை. மதுரையில் நான் ஓடிப்போய் நின்றபோது தேர்வு மையத்தின் கேட்டை மூடியிருந்தார்கள். காவலாளி என் முகத்தைப் பார்க்காமலே கையை ஆட்டினார்.

இருட்டிய பிறகு திரும்பினேன். அய்யா இன்னும் மேசையில் இருந்தார், பக்கத்தில் கணவர். நடந்ததைச் சொன்னேன். அய்யா என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, அடுத்த தடவ ஒரு வாரம் முந்தியே இவள ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கன இருந்து போயி எழுதட்டும்."

கணவர் சாவிகளை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைச் சாப்பிடப் போகச் சொன்னார்.

மறுவருடம் கடலாடியிலிருந்து போய் எழுதினேன். எந்தக் கல்லூரியும் அழைக்கவில்லை. இப்போதும் பகலில் மேசையில்தான் இருக்கிறேன். இந்த ஆண்டும் விண்ணப்பித்திருக்கிறேன்.