செயலாளருக்கு நான் கொடுத்த தியானம்

பழிவாங்கும் எண்ணம் எனக்கு இருந்தது. தியான இல்லத்தில் மற்றவர்களின் ஜெப வாழ்வைக் கேட்க உட்காருகிற ஒருத்தி இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் இருந்ததை இல்லை என்று எழுதி என்ன ஆகப்போகிறது?

வாரத்தில் ஐந்து நாள் எனக்குப் பதுளையில் வேலை. தோட்டத்துச் சனங்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவேன். சிங்களத்தில் மட்டும் நீட்டப்படும் தாளைத் தமிழிலும் தரும்படி கேட்பது, தரும்வரை பெஞ்சை விட்டு எழும்பாமல் இருப்பது, இதுதான் வேலை. வாசிக்கத் தெரியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. மாதத்தில் ஒரு வார இறுதி, பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் நடுவே மலைமேல் இருக்கும் தியான இல்லத்தில் இருப்பேன். மூன்று நாள் மௌனமாக ஜெபிக்க வருகிறவர்கள் தினமும் அரைமணி நேரம் மட்டும் ஓர் ஆன்மீக வழிகாட்டியிடம் பேசலாம். அந்த வழிகாட்டிகளில் நானும் ஒருத்தி. இரண்டு இடத்திலும், வந்தவர் சொல்வதை முழுதாகக் கேட்பதுதான் என் வேலை.

போன மழைக்காலத்தில் எனக்கு ஒதுக்கப்பட்டவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தலை நரைத்திருந்தது. மற்றபடி ஆள் அதே ஆள்தான், ஒரு காலத்தில் நான் போன பங்குக் கோயிலின் செயலாளர். இன்னும் அவர்தான் செயலாளராம். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

என் இருபத்திரண்டாவது வயதில் அப்பா இறந்தார். தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டினவர். அந்தக் கோயில் கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவர், லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்கள் ஆண்கள் கட்டியது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆற்றிலிருந்து கல் சுமந்து ஏறுவார்கள், கூலி கிடையாது, கோயில் வேலை. அப்பாவின் தோளில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. அவருக்கு ஒரே ஆசை, அந்தச் சுவருக்கு உள்ளே கிடக்க வேண்டும். தோட்டத்து மயானம் நிர்வாகத்தின் நிலம். சிமெந்து பூச விடமாட்டார்கள். நாலு மழை பெய்தால் மண்மேடு கரைந்துவிடும். அப்படிக் காணாமல் போய்விடுவோம் என்று அப்பா பயந்தார்.

அண்ணனும் நானும் செயலாளரிடம் போய், மாத்தயா, அப்பாவுக்கு ஓர் இடம் வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டோம். அவர் சிங்களத்தில் ஒரு தாள் எழுதித் தந்தார். இடத்துக்கான விண்ணப்பம் என்று நினைத்தேன். ஒரு மாத்தயா கையால் தந்த தாளில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் எங்கள் லயத்தில் யாருக்கும் இல்லை. மரியாதைக் குறைவு என்று நினைப்போம். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும், எங்கள் கையில் தந்த பிரதியைக் கோயில் காவல்காரர்தான் வாசித்துச் சொன்னார். எங்கள் சொந்த விருப்பப்படி அப்பாவைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்கிறோம், கோயிலில் இடம் தேவையில்லை என்று எழுதியிருந்தது. கேட்கத் திரும்ப ஓடியபோது செயலாளர் உள்ளே யாரிடமோ, "வத்தே தெமளு"வுக்கு வத்தையில் இடம் இருக்கிறதுதானே என்று சொல்வது காதில் விழுந்தது. வத்தை என்றால் தோட்டம்; தோட்டத்துத் தமிழர் என்று அர்த்தம். அவர் சொன்ன விதத்தில் அது வசவு. அதற்குப் பிறகு அந்தக் கோயில் படியை நான் மிதிக்கவில்லை. மூன்று வருடம் உட்கார்ந்து சிங்களம் படித்தேன்.

அந்த அரைமணி நேரத்தில் அவர் தன் ஜெபத்தைப் பற்றிச் சொன்னதை எழுதமாட்டேன். அது எங்கள் விதி. ஜெபிக்க முடியாமல் வந்தவர் என்பது மட்டும் போதும். முடிவில் நான் அவருக்கு ஒரு தியானம் கொடுத்தேன். இல்லத்தின் பின்பக்கம் தேயிலைக்குள் ஒரு மைல் நடந்தால் எங்கள் தோட்டத்து மயானம் வரும். கொய்யா மரத்தடியில் ஒரு மரச்சிலுவை இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் உட்காருங்கள், அங்கே கிடப்பவர் உங்களிடம் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள் என்றேன். சிலுவையில் அப்பாவின் பெயர் தமிழில் இருக்கிறது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மழையில் அந்தப் பக்கம் போகிறவர்களிடம் அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போகச் சொல்வோம். அவரிடம் நான் சொல்லவில்லை.

அவர் அழுதுகொண்டு திரும்பி வரவேண்டும் என்று எதிர்பார்த்தேன். கணுக்காலில் இரத்தம் வழிய வந்தார். முகம் மட்டும் தெளிந்திருந்தது. பல வருடத்துக்குப் பிறகு மனம் அடங்கியது என்றார்.

"என்ன ஒரு அமைதி, மிஸ். அங்க படுத்திருக்கிறவங்க புண்ணியம் பண்ணினவங்க" என்று சிங்களத்தில் சொன்னார். ஜெபத்தில் சேராத இந்த வார்த்தையை நான் எழுதலாம். அது என் அப்பாவைப் பற்றியது.

எனக்கு அப்பா மேல்தான் முதலில் கோபம் வந்தது. செத்த பிறகும் இவரோட பாரத்தைச் சுமக்கிறீங்களே என்று.

அன்று மாலை ஒரு தாளில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். சுவர், கல், தழும்பு, என் கையெழுத்து, அவர் வாயிலிருந்து கேட்ட அந்த வசவு. கடைசியில், இனித் தோட்டத்து ஆட்களுக்கும் அந்தச் சுவருக்குள் இடம் உண்டு எனச் செயலாளராகிய நான் சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி. மறுநாள் கடைசிச் சந்திப்பில் அதைப் பேனாவோடு அவர் முன்னால் வைத்தேன். இல்லத்துப் படிவம் என்று நினைத்திருப்பார். பேனாவை எடுத்தார், பிறகு நிறுத்திவிட்டு இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"எங்களுக்கு அன்னைக்குக் கேக்கத் தெரியல. மாத்தயா தந்த தாளுன்னு கையெழுத்துப் போட்டோம்" என்றேன்.

அதைத் தமிழில்தான் சொன்னேன். பிறகு சிங்களத்திலும் சொன்னேன். என் முகத்தை அப்போதுதான் அவர் பார்த்தார். வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டபோது குரல் இறங்கியிருந்தது. முடியாது என்றேன். சிங்களம் படிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது, நீங்களும் மெதுவாகப் படியுங்கள் என்றேன். அவர் கையெழுத்துப் போடாமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

எனக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. என் வயதுள்ள ஓர் அருட்சகோதரி, அவரும் லயத்தில் பிறந்தவர். அடுத்த மாதம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நாற்காலியைப் பழிதீர்க்கவா உங்களுக்குத் தந்தோம் என்று கடிந்துகொண்டார். நியாயம்தான். கடைசியில், அவரை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"இல்ல சிஸ்டர். அவரு மொதல்ல படிச்சு முடிக்கட்டும்."

"அவரு எங்க தமிழ் படிக்கப் போறாரு? யாருகிட்டயாச்சும் குடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்குவாரு."

"கேக்கட்டும். அதுக்கும் ஒரு வத்தே தெமளு வாசல்லதான் போய் நிக்கணும்" என்றேன்.